புதுக் கணினி வாங்கச் சொல்லாதீர்கள்

வீட்டில் பதிவு செய்யும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் புதுக் கணினிதான் தீர்வு என்ற வாதத்தை ஏற்க முடியாது. 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ பதிவுக்கு நொடிக்குச் சுமார் 265 கிலோபைட் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கே இதைப் போலப் பல மடங்கு எழுதும்.

சிக்கல் வேகத்தில் இல்லை, நேரம் தவறுவதில் இருக்கிறது. 48,000 ஹெர்ட்ஸில், ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் பஃபரை 256 சாம்பிளாக வைத்தால், 5.3 மில்லிநொடிக்கு ஒருமுறை கணினி வந்து ஒலியை எடுத்துப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து வைஃபை டிரைவர் பிராசஸரைப் பிடித்துக்கொண்டால் ஒலி அறுபடும். டாஸ்க் மேனேஜரோ பிராசஸர் சும்மா இருப்பதாகவே காட்டும். வாதம் செய்பவர் கவனிக்கத் தவறியது இதைத்தான். புது மடிக்கணினியிலும் இதே போன்ற டிரைவர் இருக்கலாம். மின்சேமிப்புக் கெடுபிடியும் கூடவே வரும்.

விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற நிரலை ஓடவிட்டால், தாமதிக்கும் டிரைவரைப் பெயரோடு காட்டும். வைஃபையை அணைத்துப் பாருங்கள். பவர் பிளானை மாற்றுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப்பை விட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பிறகு பஃபரை 1,024 ஆக்குங்கள். அதனால் குரல் தாமதமாகத் திரும்பி வரும்; ஆனால் பாடுபவர் தன் குரலை உடனே கேட்கப் பல இன்டர்ஃபேஸ்களில் நேரடி மானிட்டரிங் உண்டு. காசு செலவில்லாத இந்தச் சோதனைகளைச் சொல்லாமல், பாட்டு கற்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கடைக்கு அனுப்புவது அநியாயம்.