தண்டனை நோட்டில் இல்லாத வசை

ஜவ்வாது மலையில் ஒரு கிறிஸ்தவ விடுதி. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அது அந்த ஒரு விடுதியின் கோளாறு என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். அங்கே வார்டன் மேசையில் நீளமான ரெஜிஸ்டர் நோட்டு ஒன்று இருக்கிறது. கெட்ட வார்த்தை பேசும் பையன்களின் பெயர், வகுப்பு, தேதி, பேசிய வார்த்தை, கொடுத்த தண்டனை என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். வார்த்தையை முழுதாக எழுதக் கூச்சம். முதல் எழுத்தும் நான்கு புள்ளிகளும்தான். தண்டனை, அரை மணி நேரம் முழங்கால் போடுவது அல்லது எபேசியர் 4:29 வசனத்தை ஐம்பது முறை எழுதுவது.

மலைப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சும் பள்ளிக்கூடத் தமிழும் என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். அதற்காக போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் பஸ் பிடித்து இரண்டு வருடமாகப் போய் வருகிறேன். ஒரு மதியம் அந்த நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பதிவு ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனுடையது. தண்டனைக் கட்டத்தில் முழங்காலும் இல்லை, வசனமும் இல்லை. 'பெற்றோருடன் வரவும். அதுவரை விடுதியில் அனுமதி இல்லை' என்று இருந்தது.

பையன் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். என்ன சொன்னாய் தம்பி என்று கேட்டேன். தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த ஆளு என்ன சொன்னாருன்னு கேளுங்கக்கா."

அந்த ஆள் கீழிருந்து அரிசி மூட்டை இறக்க வந்தவர். மூட்டை தூக்க உதவிய பையனிடம், "டேய் காட்டான், உங்கப்பன் மரம் வெட்டப் போனானே, ஆந்திரா ஜெயில்ல கெடக்கானா, சுட்டுட்டானுங்களா?" என்று கேட்டிருக்கிறார். பையன் திருப்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தை முதல் எழுத்தும் நான்கு புள்ளிகளுமாக நோட்டில் ஏறிவிட்டது. அரிசிக்காரர் சொன்னது எங்கும் ஏறவில்லை. வார்டனிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர். அவர் சொன்னார்: "அவரு என்னம்மா தப்பா பேசினாரு? கேலி பண்ணாரு, அவ்ளோதான். கெட்ட வார்த்தை பேசலையே."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எதிரானது.

முதலில் அந்தக் 'கேலி' எதைத் தொட்டது என்று பார்ப்போம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். சாமையும் புளியும் வருடம் முழுக்கச் சோறு போடாத ஊர்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'கடத்தல்காரர்கள்'. செம்மரத்தைக் கப்பலில் ஏற்றி விற்றவனுக்கு அந்தப் பெயர் இவ்வளவு எளிதாக ஒட்டியதில்லை. சொல்லில் ஆபாசம் இல்லை. நாளிதழில் அச்சிடலாம், டிவியில் சொல்லலாம். ஆனால் இருபது பிணங்களைக் கேள்வி கேட்காமல் கடந்துபோக அந்தச் சொல் உதவியது. பத்து வருடம் கழித்தும் ஒரு பையனின் அப்பாவை அதே சொல்லால் அடிக்க முடிகிறது.

தமிழில் ஒருவரை இழிவுபடுத்தக் கெட்ட வார்த்தையே தேவையில்லை. வினைமுற்று போதும். அடிவாரத்துப் புளி மண்டியில் நின்று பாருங்கள். அறுபது வயது மலையாளிப் பெரியவரை முப்பது வயது வியாபாரி 'வாடா, எறக்குடா' என்பார். பெரியவர் 'சரிங்க சாமி' என்பார். எந்த அகராதியைக் கொண்டு வந்தாலும் இதில் ஒரு கெட்ட வார்த்தை கிடைக்காது. அந்த 'டா'வை எழுத எந்த விடுதி நோட்டிலும் கட்டம் இல்லை.

கிறிஸ்தவர்கள் தங்கள் வேதத்தைச் சரியாகத்தான் படிக்கிறார்கள், அது சொல்வது இதுதான் என்று நினைக்கலாம். நானும் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள்தான், பழைய வடஆற்காட்டில் ஒரு சேரிச் சபையில். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால் வேதத்தை வைத்தே பேசுகிறேன்.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் 'கொலை செய்யாதே' என்ற கட்டளையை இயேசு விளக்குகிறார். கொலைக்குப் பக்கத்தில் அவர் கொண்டு வந்து நிறுத்தும் குற்றம் வசைதான். ஆனால் எந்த வசை? அவர் எடுத்துக்காட்டும் இரண்டு சொற்களில் உடலுறுப்பு இல்லை, கலவி இல்லை. ஒன்று 'ராகா' என்கிற அரமேயச் சொல். ஒன்றுக்கும் உதவாதவன் என்கிற பொருள். தமிழ் வேதாகமம் அதை 'வீணன்' என்கிறது. இன்னொன்று 'மூடன்'. எதிரில் நிற்பவன் மனிதக் கணக்கிலேயே சேர்த்தியில்லை என்று சொல்லும் சொற்கள் இரண்டும். யாக்கோபு நிருபம் நாவை நெருப்பு என்கிறது. அதற்குச் சொல்லும் காரணம், தேவனைத் துதிக்கும் அதே வாயால் தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதனைச் சபிக்கிறோம் என்பது. பையன்கள் ஐம்பது முறை எழுதும் எபேசியர் வசனம்கூட, கேட்பவருக்கு உன் பேச்சு நன்மை செய்கிறதா என்றுதான் அளக்கிறது. ஆக வேதத்தின் அளவுகோல் சொல்லின் நாற்றம் அல்ல, அது யாரை என்ன செய்கிறது என்பது. இந்த அளவுகோலை வைத்தால் நோட்டில் முதலில் ஏற வேண்டிய பெயர் யாருடையது?

இயேசுவே பரிசேயர்களை விரியன் பாம்புக் குட்டிகள் என்றார், ஏரோதை நரி என்றார். பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் தன் பிறப்பு, குலம், நியாயப்பிரமாணப் பெருமை எல்லாவற்றையும் பட்டியலிட்டுவிட்டு ஒரு கிரேக்கச் சொல்லால் தூக்கி எறிகிறார். அந்தச் சொல்லுக்கு மலம் என்றும் பொருள். நம் தமிழ் வேதாகமம் 'குப்பை' என்று நாசூக்காக முடித்துக்கொள்கிறது. குலப்பெருமையைப் பற்றி ஒரு அப்போஸ்தலர் சொன்ன மிகக் கடுமையான சொல்லை நாமே கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம்.

மாற்கு ஏழாம் அதிகாரம் இன்னும் முக்கியம். கை கழுவாமல் சாப்பிட்ட சீடர்களைத் தீட்டு என்று குறை சொல்ல வருகிறார்கள். வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து வெளியே வருவதுதான் தீட்டுப்படுத்தும் என்று பதில் வருகிறது. தீட்டு, எச்சில் என்று வாழ்ந்த சமூகத்தில் இதைவிடக் கலகமான பேச்சு உண்டா? நம் சபைகள் அதைப் பிடித்து 'வாயிலிருந்து கெட்ட வார்த்தை வராமல் பார்த்துக்கொள்' என்று சுருக்கிவிட்டன. தீட்டை எதிர்த்த பேச்சிலிருந்து ஒரு புதுத் தீட்டுப் பட்டியல் தயாரானது. அதே அதிகாரத்தில் ஒரு புறஇனத்துப் பெண் வருகிறாள். தன் மக்கள் புறத்தாரைச் சொல்லும் 'நாய்' என்ற சொல் இயேசுவின் வாயிலேயே வருகிறது. அவள் அழுது ஓடவில்லை. அந்தச் சொல்லையே எடுத்து வாதத்தைத் திருப்புகிறாள், அவர் ஒத்துக்கொள்கிறார். எதிர்த்துப் பேசியதற்காக அவளை யாரும் முழங்கால் போடச் சொல்லவில்லை.

பிறகு இந்த நோட்டு எங்கிருந்து வந்தது? வேதத்திலிருந்து வரவில்லை. 'நல்ல தமிழ்' யாருடையது என்ற பழைய சண்டையிலிருந்து வந்தது. 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பேச்சுக்கு நெருக்கமான தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அந்த லூத்தரன் தமிழைக் கொச்சை என்று கேலி செய்தவர் வேறு யாருமில்லை, இன்னொரு கிறிஸ்தவ மிஷனரியான வீரமாமுனிவர். சபைக்குள் எவருடைய வாய் சுத்தம் என்ற தகராறுக்கு முந்நூறு வயது.

இந்தத் தகராறு 1992லும் தீரவில்லை. அந்த வருடம் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்துக்குள் போய், அங்கேயும் சாதியைப் பார்த்து, வெளியே வந்த ஒரு தலித் கிறிஸ்தவப் பெண் தன் தெருவின் பேச்சிலேயே எழுதிய புத்தகம். மடத்துக்குள் சாதி இருக்கிறது என்பதைவிட, அதைச் சொன்ன மொழி கொச்சையாக இருக்கிறது என்பது பலருக்கு உறுத்தியது. வார்டன் சொன்ன அதே பதில்தான்: அவர்கள் என்ன தப்பாகப் பேசினார்கள், நீதான் கெட்ட வார்த்தை பேசுகிறாய்.

என் ஆயா ராகிக் கொல்லையில் கூலி வேலை செய்தவள். கூலி கேட்கப் போன இடத்தில் கொல்லைக்காரர் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆயா அவரை, அவர் அப்பனை, தாத்தனைச் சேர்த்து ஒரு கால் மணி நேரம் திட்டிவிட்டு வந்தாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. விஷயம் சபைக்குப் போனது. கொல்லைக்காரர் சர்ச் கட்ட மணல் கொடுத்தவர். ஆயாவுக்கு இரண்டு மாதம் ராப்போஜனம் நிறுத்தப்பட்டது. சாதிப் பெயரைச் சொன்னவர் சபையார் இல்லையே, அவரை எப்படி விசாரிப்பது என்றார்கள். ஆயாவிடம் நிலம் இல்லை, வக்கீல் இல்லை, போலீசில் ஆள் இல்லை. வாய் இருந்தது. அதையும் பூட்டச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்பார்: அப்படியானால் எல்லோரும் கெட்ட வார்த்தை பேசலாம் என்கிறீர்களா? இல்லை. தமிழ் வசைகளில் பெரும்பாலானவை அம்மாவின், அக்காவின் உடம்பில்தான் போய் முடிகின்றன. என் ஆயா திட்டியதிலும் கொல்லைக்காரரின் அம்மா இருந்தாள். அவள் ஒரு பாவமும் செய்யாதவள். அந்தப் பையன் சொன்ன வார்த்தையும் ஒரு பெண்ணைத்தான் தொட்டது. அதைச் சொல்லாதே என்று அவனிடம் உட்கார்ந்து பேச வேண்டும், பேசினேன். பெருமாள்முருகன் இதைப் பற்றி 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், படியுங்கள். என் கேள்வி வேறு. சிறிய குற்றத்துக்குத் தண்டனையும் பெரிய குற்றத்துக்கு 'கேலி' என்ற பெயரும் கொடுப்பது எந்த நியாயம்?

சட்டம் இதில் சபையைவிட ஒரு படி முன்னே நிற்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பொதுப்பார்வையில் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினரை இழிவுபடுத்தும் நோக்கில் அவமதிப்பதையும், சாதிப் பெயரால் திட்டுவதையும் தனிக் குற்றங்களாக்குகிறது. ஆபாசமா என்று அது கேட்பதில்லை, இழிவா என்று கேட்கிறது. ஆனால் 'பொதுப்பார்வை' என்பதில் ஒரு பூட்டு இருக்கிறது. வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியாட்கள் யாரும் இல்லாதபோது சொன்னால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடுதி அறையும் கொல்லைக்காரர் வீட்டுத் தாழ்வாரமும் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்கள்தான்.

அடுத்த பூட்டு மதம். பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. ஜவ்வாது மலைப் பையன் ஞானஸ்நானம் எடுத்தாலும் பழங்குடிதான். ஆனால் 1950ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதி இல்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள், தாக்கினார்கள் என்று குண்டூர் மாவட்டத்துப் போதகர் ஒருவர் கொடுத்த வழக்கில், கிறிஸ்தவரானதால் இந்தச் சட்டம் அவருக்கு இல்லை என்று 2025ல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டுகிறவனுக்கு அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது பொருட்டில்லை. நீதிமன்றத்துக்குப் பொருட்டாகிறது. சபைகள் ஒவ்வொரு ஞாயிறும் அலற வேண்டியது இதற்காக. பையன்களின் புள்ளி வைத்த வார்த்தைகளுக்காக அல்ல.

சபையை மட்டும் திட்டிவிட்டுப் போனால் உங்களுக்கு வசதியாக இருக்கும். நம்மையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் அப்போதைய தேசிய மகளிர் ஆணைய உறுப்பினர் குஷ்பு, தன்னைத் தாக்கியவருக்குப் பதிலாக 'சேரி மொழி' என்று எழுதினார். கண்டனம் வந்ததும், பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்று பொருள் என்றார். நாம் எல்லோரும் கொதித்தோம், சரி. ஆனால் நம் மேடைகளில், நம் பதிவுகளில், மூடநம்பிக்கையைத் திட்ட எந்தச் சொல் முதலில் வருகிறது? 'காட்டுமிராண்டி'. பெரியார் சிலைப் பீடங்களிலும் அந்தச் சொல் இருக்கிறது. அவர் யாரை நோக்கிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு முறை ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று படித்துப் பாருங்கள். காட்டில் வாழ்கிறவன் அறிவில்லாதவன் என்பதுதான் அதற்குள் இருக்கும் பொருள். அரிசிக்காரரின் 'காட்டா'னுக்கும் அதற்கும் உள்ள தூரம் ரொம்பக் குறைவு.

மலைக்கும் இது பொருந்தும். கவுண்டர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு வீட்டுத் திண்ணையில், நீங்க என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் எனக்கு டம்ளரை மாற்றினார்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. வாங்கம்மா, போங்கம்மா என்ற மரியாதைக்கும் குறைவில்லை.

ஆகவே நோட்டை வைத்திருக்கும் சபைகளிடம் கேட்பது இவ்வளவுதான். நோட்டு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் சாதிப் பெயரை வசையாகச் சொல்வதை எழுதுங்கள். அடுத்து காட்டான், மலையான், மரவெட்டி. அடுத்து வயதில் மூத்தவரைச் சாதி பார்த்து 'டா' போடுவது. பெயர் ஏறும் முதல் ஆள் பையனாக இருக்க வேண்டாம். வார்டன், வியாபாரி, கமிட்டி மெம்பர், போதகர் என்று பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள். புள்ளி வைக்காதீர்கள். சொன்னதை முழுதாக எழுதுங்கள், அப்போதுதான் புகார் கொடுக்கப் பயன்படும்.

அந்தப் பையனின் அப்பா கூலிக்குப் போன இடத்திலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் வர முடிந்தது. அதற்குள் பையன் போர்வெல் லாரியில் ஏறிவிட்டான். நான் அடுத்த முறை போனபோது அவன் கட்டில் வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அரிசி மூட்டை அதே ஆள்தான் இறக்கிக்கொண்டிருந்தார்.