தீவுக்கும் ஓய்வு வேண்டும்!

விடுமுறையில் கூடாரம் அடித்துத் தங்க, ஆள் நடமாட்டமில்லாத தீவு கிடைத்தால் துள்ளிக் குதிப்பீர்கள் அல்லவா? தூத்துக்குடி அருகே கடலில் இருக்கும் வான் தீவு அப்படிப்பட்டதுதான். ஆனால், அங்கே தங்க ஆசைப்படக் கூடாது என்பேன்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக் காளவாசலுக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்த அரண் போனது, மண் அரித்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் மூழ்கின. வான் தீவும் தேய்ந்தது. 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காத்து வருகின்றனர்.

காயம்பட்டவரை ஓய்வெடுக்க விடுவதுதானே முறை? கரையில் நின்றே கடலை ரசியுங்கள். யாராவது பவளக்கல் விற்றால் வாங்காதீர்கள். வாங்க ஆளில்லை என்றால், வெட்டவும் ஆளிருக்காது!