ஊறப்போடாத மொச்சை

நான்காம், ஐந்தாம் வகுப்பு அறிவியலை நாம் தமிழ்ப் பாடம் போலத்தான் நடத்தி வந்திருக்கிறோம். ஒருவன் எழுந்து வாசிப்பான், மற்றவர்கள் விரல் வைத்துத் தொடர்வார்கள். முக்கியமான வரிக்கு அடிக்கோடு. பாடம் முடிந்ததும் கரும்பலகையில் வினா விடை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நான்கு பேர் கூடினால் ஊதியக் குழு முதல் மாறுதல் கலந்தாய்வு வரை பேசுகிறோம். இதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

விதை முளைத்தலை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடையில் ஒரு கை மொச்சை வாங்கி ஊறப்போட்டால் போதும். ஊறும் மொச்சையின் தோல் முதலில் சுருங்கும், அப்புறம்தான் விதை பருக்கும். தோல் சட்டென்று நீரை வாங்கி விரிந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் பருப்பு மெதுவாக ஊறுகிறது, அதனால் அந்தச் சுருக்கம். கண்ணாடி டம்ளருக்குள் ஈரத் துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதையைச் செருகினால், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் முளைவேர் வளைந்து கீழே இறங்குவதை நாள்தோறும் பார்க்கலாம். நாம் என்ன செய்தோம்? புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னோம், பாகம் குறிக்கச் சொன்னோம், அழகாக வரைந்தவளுக்கு 'வெரி குட்' போட்டோம்.

மூன்று விதைச் சோதனையில் நாம் செய்தது இன்னும் மோசம். குச்சியில் மூன்று விதைகளைக் கட்டி, ஒன்று நீருக்கு மேலே, ஒன்று நீர்மட்டத்தில், ஒன்று நீருக்குள். நடு விதை மட்டும் முளைக்கும், அதற்குத்தான் நீரும் காற்றும் கிடைக்கின்றன என்பது விடை. வீட்டில் நிஜமாகவே செய்து பார்த்த பிள்ளை எப்போதாவது ஒன்று வந்து, "அடி விதையும் லேசா முளை விட்டுச்சு டீச்சர்" என்றது. அது பொய் சொல்லவில்லை. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு, மூழ்கிய விதையும் சில சமயம் முளைவேரை நீட்டும். பிறகு வளர முடியாமல் அழுகும். தண்ணீருக்குள் காற்று உண்டா, மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று அந்தப் பிள்ளையோடு ஒரு பாடவேளை முழுக்கப் பேசியிருக்கலாம். "புக்ல என்ன போட்டிருக்கு? அதை எழுது" என்றோம்.

பொருள் இல்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை. லென்ஸ், காந்தம், வெப்பமானி எல்லாம் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருந்தன. உடைந்தால் யார் பொறுப்பு, ஆடிட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று பூட்டியே வைத்தோம். சட்டக் காந்தங்களைத் தாங்கு இரும்பு இல்லாமல் கண்டபடி குவித்து வைத்ததில், ஒரு பிள்ளையின் கையும் படாமலே அவை வலுவிழந்தன. ஆனால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண்ணிக்கை சரியாக இருந்தது.

நேரமில்லை என்பது அடுத்த சாக்கு. எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவது உயிரை வாங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் எமிஸ் வருவதற்கு முன்பும் நாம் மொச்சையை ஊறப்போடவில்லை.

வழி தெரியாது என்றும் சொல்ல முடியாது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்தே படித்தார்கள். தேர்வறைக்குப் புத்தகத்தை எடுத்துப்போனார்கள். முப்பது ஆண்டு நடந்த பிறகு, 2002இல் மாநில அரசே அதை மூடியது. நம் ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழைக் கொண்டுவருகிறது. செய்து பார்த்துக் கற்கும் அறிவியலுக்காக 2022இல் வந்த அரசின் வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கானது. நமக்கு அது இல்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களும் நம்மில் உண்டு.

வகுப்புக்கு வெளியே சும்மா கிடைத்ததையும் விட்டோம். நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொடுக்கிறோம். நம் ஊர்கள் பெரும்பாலானவற்றில் அது நடப்பது இரண்டே நாள்தான், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. விளையாட்டுத் திடலில் ஒரு கம்பை நட்டு நிழலைப் பார்த்திருந்தால் பிள்ளைகளே நம்மைத் திருத்தியிருப்பார்கள்.

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் கங்கண சூரிய கிரகணம் கடந்தது. ஒன்பதரை மணியை ஒட்டிச் சூரியன் வளையமாக நின்றது. மேலே பார்க்கப் பயமென்றால் தரையைப் பார்த்திருக்கலாம்: மர இலைகளின் இடுக்கு வழியே விழும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் பிறையாகி, வளையமாகி, மறுபடி பிறையாகும். அறிவியல் இயக்கத்தினர் திடல்களில் கண்ணாடியோடு காத்திருந்தார்கள். சூரியன், நிலா, பூமி என்று பலகையில் மூன்று வட்டம் போட்டு நடத்திய நம்மில் எத்தனை பேர், அன்று கதவைச் சாத்தி, நம் பிள்ளைகளையும் உள்ளே உட்காரவைத்துக் குளியலுக்கு வெந்நீர் போட்டோம்? அரையாண்டு விடுமுறை, பள்ளி இல்லை என்ற சமாதானம் வேறு.

நம் பக்கம் வரும் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று கேரளத்தையும் தென்தமிழகத்தையும் கடக்கப்போகிறது, உச்சி வெயில் வேளையில். அதுவும் கோடை விடுமுறைதான். அன்றைக்குப் பள்ளி வாயிலைத் திறந்து வைப்போம். அட்டையில் குண்டூசித் துளை போட்டுத் தரையில் சூரியனை விழவைக்க ஒரு பைசா செலவில்லை. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், திங்கட்கிழமை பீரோவைத் திறந்து லென்ஸைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.