பாட்டியின் முகம் இருளலாமா?

கோடை விடுமுறை முடிந்து தில்லிக்கோ மும்பைக்கோ திரும்பும் நாளில், ஊர்வீட்டு வாசலில் பாட்டியை நிற்கவைத்துத் திறன்பேசியில் படம் எடுக்கிறோம். பிறகு பார்த்தால், பின்னால் வெயில் பளிச்சிடுகிறது. பாட்டியின் முகமோ இருண்டிருக்கிறது. "விலையுயர்ந்த கைப்பேசி இருந்தால் நன்றாக வந்திருக்கும்" என்கிறோம். இக்கருத்து தவறு என்பேன். குறை கருவியில் இல்லை. நம் அவசரத்தில்தான் உள்ளது.

ஒளி முகத்தின்மேல் விழவேண்டும். பாட்டியைச் சன்னலை நோக்கி அமரச் செய்தாலே போதும். திரையில் அவர் முகத்தைத் தொட்டால், கருவி அதற்கேற்ப வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். விரல்களால் காட்சியைப் பெரிதாக்கினால் தெளிவு குறையும். இரண்டடி முன்னே செல்வதே நன்று. வில்லையில் படிந்த விரற்கறையை மென்துணியால் துடைத்துக்கொள்வதும் தேவை.

இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா (1913–2012) படச்சுருள் காலத்தவர். அவர் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் கருவியில் பொதுவாக ஒரு சுருளுக்கு 12 படங்களே எடுக்க இயலும். எனவே, காத்திருந்து எடுப்பது கட்டாயமாயிற்று. நமக்கோ அக்கட்டுப்பாடு இல்லை. ஆதலால் நூறு படங்கள் எடுக்கிறோம். ஒன்றையும் நிதானமாக எடுப்பதில்லை.

அடுத்த விடுமுறைவரை நம்முடன் இருக்கப்போவது அந்தப் படமே. ஆகவே, பொத்தானைத் தொடுமுன் பாட்டியின் முகத்தைச் சற்றுநேரம் பார்ப்போம். ஒளி எங்கே விழுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.