கீழே ஃபர்னஸ், மேலே தெர்மோஸ்டாட்

கனடாவின் டொரோண்டோவுக்கும் பிராம்ப்டனுக்கும் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பலர் முதலில் குடியேறும் இடம் ஒரு பேஸ்மென்ட். ஸ்கார்பரோவில் பல ஆண்டுகளாக வாழும் ஈழத் தமிழர்களுக்கும் இது பழகிய ஏற்பாடுதான்: மேலே வீட்டுக்காரர், கீழே வாடகைக்கு இருப்பவர். வீடு முழுவதையும் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் பெரும்பாலும் கீழேதான் இருக்கும், பல வீடுகளில் படுக்கையறையை ஒட்டிய சிறு அறையில், வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில். அதை இயக்கும் தெர்மோஸ்டாட்டோ மேல் வீட்டுக் கூடத்துச் சுவரில். கோடை முழுதும் சும்மா கிடந்த ஃபர்னஸ் முதல் குளிர் இரவில் எரியத் தொடங்கும்போது, அதன் பக்கத்தில் தூங்குபவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. கடைசியாக அதை யார், எப்போது பார்த்தார்கள் என்று கேட்கவும் அவருக்குத் தயக்கம். குளிர்காலத்துக்கு முன் உரிமம் பெற்ற டெக்னீஷியன் ஒருவர் ஃபர்னஸைச் சோதித்து, அந்தச் சோதனைச் சீட்டின் நகலை வாடகைதாரர் கையில் கொடுக்க வேண்டும் என்பது இந்நகரங்கள் உள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டமாக வேண்டும்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, இன்றைய ஃபர்னஸ் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது. அது பாதி உண்மை. தெர்மோஸ்டாட் சூடு கேட்டவுடன் கேஸ் திறந்துவிடுவதில்லை. முதலில் ஒரு சிறு விசிறி ஓடிப் புகைப்பாதையில் காற்றை இழுக்கிறது. அந்த இழுப்பு போதுமானதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கிறது. பிறகுதான் இக்னைட்டர் பழுக்கிறது, கேஸ் வால்வு திறக்கிறது. தீச்சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி ஒன்று, சுவாலை வழியே ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்து 'எரிகிறது' என்று உறுதி செய்கிறது. சில நொடிகளில் அந்தச் செய்தி வராவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். சில முறை முயன்றும் பற்றாவிட்டால் ஃபர்னஸ் லாக்அவுட் ஆகி நின்றுவிடும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அந்தக் கம்பியில் படியும் அழுக்குகூட லாக்அவுட்டுக்குப் போதும். காரணம் பல சமயம் இவ்வளவு அற்பமாக இருப்பதால்தான், பவரை அணைத்துப் போட்டு மீண்டும் மீண்டும் முயலும் பழக்கம் வருகிறது. அடைபட்ட புகைக்குழாய்க்கும் அழுக்குக் கம்பிக்கும் ஃபர்னஸ் ஒரே மாதிரி நின்றுவிடுகிறது. எது எது என்று குடியிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சுவிட்சுகள் தீ எரிகிறதா, காற்று இழுக்கிறதா, சூடு அளவு மீறுகிறதா என்பதைத்தான் பார்க்கின்றன. எரிந்த புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்பதை வழக்கமான வீட்டு ஃபர்னஸ் அளப்பதில்லை. மாற்றாத ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்து, தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓயாமல் அளவுக்கு மீறிச் சூடானால், காலப்போக்கில் அந்த உலோகத்தில் விரிசல் விழலாம். பழைய வகை ஃபர்னஸில் புகை தானாகவே சிம்னி வழியே மேலேற வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் பலமாக இழுத்தால் அந்தப் புகை வீட்டுக்குள் திரும்பலாம். புதிய வகையில் புகை பக்கச்சுவரில் பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறுகிறது; பெரும் பனி கொட்டினால் அதன் வாய் மூடிக்கொள்ளலாம். நம் சமையலறைகளில் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், ஏனென்றால் அந்த நாற்றமே வேண்டுமென்று சேர்த்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று தொடங்குவதால் 'ஃப்ளூ போல இருக்கிறது' என்று போர்த்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. காய்ச்சல் மட்டும் இருக்காது.

அலாரம் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் ஹாக்கின்ஸ் குடும்பத்தினர் நால்வரும் இறந்தார்கள். கேஸ் ஃபயர்பிளேஸின் புகைவழி அடைபட்டிருந்தது, வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. உறவினர் ஜான் கிக்னாக் சளைக்காமல் போராடியதன் பயனாக 2013-இல் ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் நிறைவேறியது. கேஸ் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகில் அலாரம் கட்டாயமானது. அந்தச் சட்டம் தேவையானது, உயிர்களைக் காப்பது. ஆனால் அலாரம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவில் விற்கும் அலாரங்களுக்கான தரவிதிப்படி, காற்றில் கார்பன் மோனாக்சைடு 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தால் அலாரம் 1 மணி நேரத்துக்கு மேல், 4 மணி நேரத்துக்குள் ஒலித்தால் போதும். 400 பிபிஎம் இருந்தால்தான் 4 முதல் 15 நிமிடங்களுக்குள் அலறும். 30 பிபிஎம் அளவு நாள்கணக்கில் நீடித்தாலும் அது ஒலிக்கக் கூடாது என்பதும் அதே விதிதான். வீண் அலறலால் மக்கள் பேட்டரியைக் கழற்றி எறிந்துவிடக் கூடாதே என்ற நியாயமான கவலை. ஆக, அலாரம் சாவைத் தடுக்கும் கருவி. ஃபர்னஸ் கெட்டுக்கொண்டு வருகிறது என்று முன்கூட்டிச் சொல்வது அதன் வேலையே இல்லை. அதுவும் ஏழு முதல் பத்து ஆண்டுகளில் காலாவதியாகிவிடும்; வாடகை வீட்டுச் சுவரில் இருப்பதைத் திருப்பித் தேதி பார்க்கிறவர் எத்தனை பேர்?

டொரோண்டோவின் விதி, குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி சூடு இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. சூட்டின் அளவைச் சொல்லும் சட்டம், அந்தச் சூட்டைத் தரும் எந்திரம் சோதிக்கப்பட்டதற்கான தாளை வாடகைதாரரிடம் காட்டச் சொல்வதில்லை. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டுக்காரர் 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு கேஸ் கருவிகளைச் சோதிக்க வேண்டும், நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும், புதிதாக வருபவருக்குக் குடிபுகும் முன்பே கொடுக்க வேண்டும். செலவு கடைசியில் வாடகையில்தான் ஏறும் என்பார்கள். ஏறட்டும், டொரோண்டோவில் ஒரு மாத பேஸ்மென்ட் வாடகையோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கொரு சோதனையின் செலவு சிறியது. அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடுபவர்கள் சட்டத்துக்கா பயப்படுவார்கள் என்ற கேள்விக்கு வலு உண்டு. அப்படிப்பட்டவர்கள் தப்பத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் சீட்டு இல்லாத வீட்டைப் பார்க்க வரும் மாணவருக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைக்கும். இன்று அவர் கையில் அதுவும் இல்லை. மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் வந்தால் கேஸே போய்விடும் என்பவர்களுக்கு: ஒரு ஃபர்னஸ் 15, 20 ஆண்டுகள் ஓடும். இன்று பொருத்தியது 2040 வரை அங்கேதான் இருக்கும்.

சட்டம் வரும்வரை ஃபர்னஸின் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளாவது படிக்கப்பட வேண்டும். பற்றவைக்கும் முன் சுற்றிலும் முகர்ந்து பார், தரையோரமும் முகர்ந்து பார் என்கிறது அது. குழாயில் வரும் இயற்கை எரிவாயு மேலே எழும், புரோப்பேன் தரையில் தங்கும் என்பதால் இப்படி. கேஸை மூடி 5 நிமிடம் காத்திரு, நாற்றம் அடித்தால் எந்த மின்சுவிட்சையும் தொடாதே, வீட்டுக்குள்ளிருந்து போன் செய்யாதே, வெளியே போய்க் கூப்பிடு, குமிழைக் கையால் மட்டும் திருப்பு, கருவி எதையும் பயன்படுத்தாதே என்று வரிசையாகச் சொல்கிறது. கையால் திரும்பாத குமிழை இடுக்கியால் முறுக்குபவர் வால்வை உடைக்கிறார். ஃபர்னஸ் அறையில் சூட்கேஸ்களையும் பெயின்ட் டப்பாக்களையும் அடுக்கிக் காற்று வரும் வழியை அடைப்பது வீட்டுக்காரரானாலும் வாடகைதாரரானாலும் செய்யும் தவறு. இந்த லேபிள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிறது, எழுத்தோ பொடிப்பொடியாக. டொரோண்டோ மாநகராட்சி பல அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிட்டுத்தான் வருகிறது. சோதனைச் சீட்டு வரும் நாளில், டெக்னீஷியனின் உரிம எண், சோதித்த தேதி, புகையில் அளந்த கார்பன் மோனாக்சைடு அளவு ஆகியவை குடியிருப்பவர் கேட்கும் மொழியில் இருக்க வேண்டும், அதன் ஒரு நகல் ஃபர்னஸ் அறைக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டப்பட வேண்டும்.