கிரிஸ்டல் விளக்கும் பால் நிற பல்பும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புது ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்குச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு 'கிரிஸ்டல்' தொங்கு விளக்கு மாட்ட ஆசை வந்துவிடுகிறது. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் கொடுத்த காசுக்கு மினுமினுப்பு கிடைக்கிறதா? பல வீடுகளில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கிரிஸ்டல் என்பது பெயர்தானே தவிர, அதுவும் கண்ணாடிதான். 1670களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் கண்ணாடிக் கலவையில் ஈய ஆக்சைடு சேர்த்தார். கண்ணாடி கனத்தது, ஒளியை அதிகமாக வளைத்தது, பட்டை தீட்டவும் வாகாக இருந்தது. ஒயின் கோப்பைகள், டிகான்டர்கள், பிறகு சரவிளக்குகள் எல்லாம் அதில் வந்தன. பர்மிங்காமின் ஆஸ்லர் கம்பெனி 1851 லண்டன் கண்காட்சியில் 27 அடி உயரத்துக்குக் கண்ணாடியிலேயே நீரூற்று செய்து நிறுத்தியது. கல்கத்தாவிலும் கடை வைத்து, இங்கிருந்த சமஸ்தானங்களுக்குச் சரவிளக்குகளை விற்றது.

இப்போதைய பாணி, அந்தக் கோப்பையையே விளக்காக்குவது. லண்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் லீ புரூம் 2012-ல் 'கிரிஸ்டல் பல்ப்' என்று ஒன்றைக் கொண்டு வந்தார். குண்டு பல்பு வடிவத்தில் ஈயக் கிரிஸ்டல். அதன்மேல் விஸ்கி கிளாஸில் இருப்பது போன்ற கை வெட்டுப் பட்டைகள். பத்தடிகூட இல்லாத ஃப்ளாட் கூரைக்கு அரண்மனைச் சரவிளக்கைவிட இந்த மாதிரி சின்ன சாமான்தான் பொருந்தும்.

சரி, மினுமினுப்பு எங்கே தொலைகிறது? முதலில் பல்பில். பழைய சரவிளக்குகள் மெழுகுவர்த்திக்காகச் செய்யப்பட்டவை. ஒளி ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வந்தால்தான் ஒவ்வொரு பட்டையும் அந்தப் புள்ளியைத் தனித்தனியாகச் சிதறடிக்கும். பால் நிற மூடி போட்ட எல்இடி பல்பை உள்ளே மாட்டினால் வெளிச்சம் கிடைக்கும், பட்டை மட்டும் செத்துப்போகும்! இதற்குப் பெரிய செலவும் இல்லை. தெளிந்த கண்ணாடிக்குள் மெல்லிய இழைகள் தெரியும் ஃபிலமென்ட் எல்இடி பல்பு கடையில் கிடைக்கிறது.

அடுத்தது சரக்கு. 'கிரிஸ்டல்' என்று விற்பதில் ஏக்ரிலிக்கும் உண்டு. நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்னும், தொட்டால் சில்லென்றிருக்கும். ஏக்ரிலிக் மொத்தென்னும், எடையில் கண்ணாடியில் பாதிகூட வராது. பெரிய ஏக்ரிலிக் கொத்து ஒன்றுக்குப் பதில், சின்னதாக நிஜக் கண்ணாடி விளக்கு ஒன்றே போதும். அது வெளிநாட்டுச் சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிரோசாபாத்தில் வளையலோடு விளக்குக் கண்ணாடியும் செய்கிறார்கள். ஈயம் சேராத கண்ணாடிக்கும் ஒழுங்காகப் பட்டை தீட்டினால் நல்ல பளபளப்பு உண்டு. (மாட்டும்போது கொக்கியை ஃபால்ஸ் சீலிங்கில் போடாமல் கான்கிரீட்டில் போடச் சொல்ல வேண்டும். கீழே உட்கார்ந்து சாப்பிடுவது மனிதர்கள்.)

கடைசியாகத் தூசி. சி.டி.எச். ரோட்டில் லாரி போகிற ஊரில் நூறு மணி தொங்கும் கொத்தை யார் ஸ்டூல் போட்டுத் துடைப்பது? அநேகமாக வீட்டு அம்மாதான். ஏக்ரிலிக் என்றால் உலர்ந்த துணி பட்டே கீறல் விழுந்து மங்கிவிடும். மேஜைக்கு மேல் இரண்டரை அடியில் தொங்கும் ஒற்றைக் கண்ணாடியை, சுவிட்சை அணைத்துவிட்டு, தரையில் நின்றபடியே ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.