நாங்க மோஸ்ட் பேக்வேர்டுங்க சார்

நேற்று ராத்திரி பேரன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். வர்ணனையில் 'பேக்வேர்ட் பாயிண்ட்' என்று வந்தது. அந்த இடத்தில் பெரும்பாலும் அணியிலேயே துடிப்பான ஆளைத்தான் நிறுத்துவார்கள். ஜான்டி ரோட்ஸ் நின்ற இடம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்து உறுத்தியது.

1990-களின் நடுவில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனுக்குப் பாடம் ஏறவில்லை. அப்பாவை வரவழைத்து, "உங்க பையன் கொஞ்சம் பேக்வேர்டா இருக்கான்" என்றேன். மனிதர் பதறிவிட்டார். "இல்லீங்க சார், நாங்க மோஸ்ட் பேக்வேர்டுங்க. சர்டிபிகேட் வச்சிருக்கேனுங்க. பி.சி.ன்னு எழுதியிருந்தா மாத்திடுங்க."

ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பையன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு இருந்த 50 சதவீதத்தில் 20 சதவீதத்தை மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் என 1989-ல்தான் தனியாகப் பிரித்திருந்தார்கள். அவருக்கு அந்தச் சொல் உரிமை. நான் அதையே வசவாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'பேக்வேர்ட்'. 1951-ல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததே, நம் சென்னை மாகாண வழக்கை ஒட்டி, அதிலும் இதே சொல்தான். தமிழில் அப்படி இல்லை. 'பின்தங்கு' தன்வினை, அவனே தங்கிவிட்டான். 'பிற்படுத்து' பிறவினை, இன்னொருவர் தள்ளியிருக்கிறார். 'பிற்படுத்தப்பட்டோர்' என்றதுமே தள்ளியது யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அரசாணைத் தமிழை நாம் கேலி செய்வது வழக்கம். இந்த ஒரு சொல்லுக்காக அதை மன்னிக்கலாம்!

ஆனால் நம் தர்மபுரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் எல்லோரும் 'பின்தங்கிய மாவட்டம்' என்கிறோம்? 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 சதவீதம், நமக்கு 68.5, தமிழ்நாட்டிலேயே கடைசி. உண்மைதான். ஆனால் ஒகேனக்கல்லில் காவிரி ஓட, நம் பிள்ளைகள் ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் கறையேறித் திரிந்தார்கள். வகுப்பில் சிரிக்கச் சொன்னால் வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல். நாமாகவா பின்தங்கினோம்?

2018-ல் மத்திய அரசு 'பேக்வேர்ட்' வேண்டாம் என்று 'ஆஸ்பிரேஷனல் டிஸ்ட்ரிக்ட்' என மாற்றியது. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் அந்தப் பட்டியலில் உண்டு. பேர் மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் தள்ளியவர் யார் என்ற கேள்வி இதிலும் காணோம்.

அதியமான்கோட்டை சுற்றுவட்டாரத்தில் இப்போது பாடம் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரிடம் 'பேக்வேர்ட்', 'ஸ்லோ', 'டல்' எதுவும் சொல்லாதீர்கள். எது வரவில்லையோ அதை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பையனுக்குப் பின்னக் கணக்கில் வகுத்தல் வரவில்லை. அவ்வளவுதான். அவன் அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.